கொக்கி போடாத கோடு

மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸில், கதவைச் சாத்தினால் மட்டும் கண்ணில் படுகிற சுவரில், ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. நான்கு வருஷத்துக்கு முந்தியது. ரிங்லெட்டில் உரம் விற்கும் சீனர் கடையில் இலவசமாகக் கொடுத்தது. மேலே முட்டைக்கோஸ் படம், கீழே மாதத்துக்கு ஒரு தாள். நவம்பர் தாளோடு அது நின்றுபோய்விட்டது. டிசம்பரை யாரும் புரட்டவில்லை. அந்தத் தாள் முழுக்கச் சிவப்புப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் தலையிலும், தோட்டத்தை நம்பர் போட்டுப் பிரித்திருக்கும் மலைகளில் ஒன்றின் நம்பர் இருக்கும். கோடு ஒரு தேதியில் தொடங்கி, சில கட்டங்களை ஊடுருவிப் போய், கடைசிக் கட்டத்தில் கீழ்ப்பக்கமாக வளைந்து தூண்டில் முள் மாதிரி ஒரு சின்னக் கொக்கியில் முடியும். ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும் கொக்கி கிடையாது. அது மாதத் தொடக்கத்தில் புறப்பட்டு, வரிவரியாக இறங்கி, கடைசி வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் நுழைந்து, யாரோ கூப்பிட்டுப் பென்சிலைத் தூக்கியது போல நின்றுவிடுகிறது. மலை நம்பர் எழுத வேண்டிய இடத்தில் 'நான்' என்று எழுதியிருக்கிறது.

எழுதியவர் கிராணியம்மா. தோட்டத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அந்த நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த பெண் ஆகையால் அவர் கிராணியம்மா. எந்த மலையில் இன்று கொழுந்து வெட்டலாம், எதில் பூச்சிமருந்து அடித்திருக்கிறது, எதற்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவர் சொன்னால்தான். மேனேஜர் துரைகூட மலைக்குப் புறப்படும் முன் அந்தக் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவார். கணவர் தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், தானா ராத்தா டவுனில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் கிள்ளான்காரன். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலண்டரைக் கம்ப்யூட்டருக்குள் போட்டுக் கொடுப்பதற்கு ஆறு மாதக் கான்ட்ராக்டில் மேலே ஏறியவன், இன்னும் இறங்கவில்லை. முதல் மூன்று நாள் கிராணியம்மா என்னை 'சார்' என்றார். நான்காம் நாள் மலையைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று போய் வடிகாலில் விழுந்து, இரண்டு பேர் தூக்கிவர ஆபீஸ் வாசலில் இறங்கினேன். அன்றிலிருந்து 'அண்ணே'. மரியாதை குறைந்து பாசம் கூடியது என்று எடுத்துக்கொண்டேன். பாசம் எந்த வகை என்று அப்போது யோசிக்கவில்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். வெப் புரோகிராம் எழுத நான் பயன்படுத்தும் சட்டகத்துக்கு ஜாங்கோ என்று பெயர். அதில் முதல் வேலை 'மாடல்' எழுதுவது. ஒவ்வொரு பொருளுக்கும் என்னென்ன கட்டங்கள், எந்தக் கட்டத்துக்குள் என்ன வகைச் சரக்கு போகும் என்று எழுதிக் கொடுப்பது: இது பெயர், இது எண், இது தேதி. இந்தச் சாதாரண வகைகள், அடியில் எந்த டேட்டாபேஸை வைத்தாலும் ஓடும். இவை தவிர, போஸ்ட்கிரஸ் என்ற ஒரு டேட்டாபேஸுக்கு மட்டுமே புரிகிற விசேஷ வகைகள் சில உண்டு. ஒரே கட்டத்துக்குள் ஒரு பட்டியலையே வைக்கலாம். இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்ற முழு நீளத்தையும் ஒரே பொருளாக வைக்கலாம். வசதிதான். ஆனால் ஒருமுறை வைத்துவிட்டால் அந்த டேட்டாபேஸை விட்டுக் கிளம்ப முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது: சாதாரண வகைகளோடு நிறுத்திக்கொள், நாளைக்கு மாற வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வாய். இந்தப் புத்திமதியை நான் தொழிலோடு நிறுத்தாமல் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டவன். வாடகை அறை, வாடகைக் கட்டில், ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் இல்லை. நாளைக்கு மாற வேண்டி வந்தால் என்ற பயத்தில் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து வளர்ந்த உடம்பு இது.

ஆகவே கிராணியம்மாவின் சிவப்புக் கோட்டை நான் இரண்டு தேதிகளாக வெட்டினேன். தொடக்கம் ஒரு கட்டம், முடிவு ஒரு கட்டம். மருந்து அடித்த மலைக்குள் ஏழு நாள் யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் கண் எரியும், கை தடிக்கும். நான் வருவதற்கு முன்பு ஒருமுறை நாலு பேரை லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்ததாம். அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புப் பென்சில் வந்தது. என் திரையைப் பெருமையோடு காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இதுல மலை எங்க பூட்டியிருக்கு?"

"இந்தா, ஒண்ணாந் தேதி தொடக்கம், ஏழாந் தேதி முடிவு."

"அது ரெண்டு பக்கத்துக் கேட்டு. நடுவுல வேலி எங்க?"

சொல்லிவிட்டு, அதே மலையில் மூன்றாம் தேதி கொழுந்து வெட்டு என்று தன் ஒற்றை விரலால் தட்டினார். என் புரோகிராம் பச்சை நிறத்தில் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது. "பாத்தீங்களா, கேட்டுல காவல் நிக்கிது, நடுவால மாடு பூந்துருச்சு," என்றார். குறுக்கே வருவதைத் தடுக்க நானே சில வரிகள் எழுதிச் சேர்த்தேன். மூன்று நாளில் மூன்று ஓட்டை கண்டுபிடித்தார். நான்காம் நாள் காலண்டரின் முன்னால் போய் நின்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏழு நாள் என்பது இரண்டு தேதி அல்ல, ஒரே இழுப்பு. கையைத் தூக்காமல் போட்ட ஒரு கோடு. அப்படி ஒரு வகை போஸ்ட்கிரஸில் இருப்பது எனக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். கட்டுப்பட்டுவிடுவோமே என்று தொடாமல் இருந்தேன். அன்று தொட்டேன். தேதி நீளம் என்ற அந்த வகையை மாடலில் எழுதி, ஒரே மலையில் இரண்டு நீளங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது என்ற தடையையும் டேட்டாபேஸுக்கே கொடுத்தேன். கிராணியம்மா மறுபடியும் மாட்டை உள்ளே விட்டுப் பார்த்தார். முடியாது என்று சிவப்பில் வந்தது. "இப்ப வேலி," என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு நாள் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சீட்டியில்தான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். ஜாங்கோவில் அந்த வகைக்கு இரண்டு தேதியைச் சும்மா கொடுத்தால், முதல் நாளைச் சேர்த்துக்கொள்ளும், கடைசி நாளைச் சேர்க்காது. ஏழு வரை என்றால் அதற்கு ஆறோடு சரி. கிராணியம்மாவின் கொக்கி கடைசிக் கட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிற கொக்கி. காலண்டரில் இருந்த எல்லாவற்றையும் ஏற்றினேன், கொக்கியை மட்டும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

திறந்திருக்கும் மலைகளின் பட்டியல் தினமும் காலை ஆறு மணிக்கு, ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியான மண்டோருக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் போனில் போகும்படி செய்திருந்தேன். பட்டியலில் இருக்கும் மலைக்கு மண்டோர் ஆட்களை இறக்குவார். ஒருநாள் காலை ரிங்லெட்டில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே என் பட்டியலை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நம்பர் மலை திறந்திருக்கிறது என்றது. பதினாலில் மருந்து அடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வாடையில் தலைவலி வந்து பாதி நாள் லீவு போட்டவன் நான். விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு ஏழாம் நாள்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்கு வரும், பிறகு காலுக்கு. மூளைக்குச் செய்தி போய்ச் சேர அரைமணி நேரமாகும். ரொட்டியை வாயில் வைத்தபடியே மோட்டார் சைக்கிளை உதைத்தேன். கடைக்காரர் பின்னால் கத்திய எதுவும் காதில் விழவில்லை. வளைவுக்கு வளைவு எனக்கு முன்னால் ஒரு காய்கறி லோரி, அதற்கு முன்னால் பனி. ஹாரன் அடித்தேன், கும்பிட்டேன், ஒரு குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். எந்தத் தெய்வத்துக்கு என்று இன்றுவரை நிச்சயமில்லை. மலையடியில் மோட்டாரைப் போட்டுவிட்டு, "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று அலறிக்கொண்டே தேயிலைக்குள் பாய்ந்தேன். செடி வரிசைகளுக்கு நடுவே மேலே ஓடினேன், குறுக்கே ஓடினேன், ஒரு இடத்தில் சறுக்கி மல்லாக்க விழுந்தேன். ஒரு மனித வாடையும் இல்லை. விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், கீழே பாதையோரம் பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்து நாசி லெமாக் சோறு தின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், குடை பிடித்தபடி, கிராணியம்மா. ஆறரை மணியிலிருந்தே அங்கே நிற்கிறாராம்.

மருந்தடித்த மலைக்குள் அன்றைக்கு இறங்கிய ஒரே ஆள் நான். இதில் இன்னொன்று: ஓடிவந்த வழியெல்லாம் என் கையில் போன் இருந்தது. ஒரு தட்டுத் தட்டி 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்தது மல்லாந்து கிடந்தபோதுதான்.

"மெதுவா எறங்குங்க. கண்ணத் தொட்டுறாதீங்க," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். குழாயடிக்குக் கூட்டிப்போய், ஆபீஸ் வாளியால் அவரே தலையில் தண்ணீர் ஊற்றினார். கேமரனில் காலைத் தண்ணீர் என்றால் எலும்புக்குள் போகும். பல் கிட்டிப்போய் நான் மன்னிப்புக் கேட்டது யாருக்கும் புரிந்திருக்காது. மண்டோர், "சார், நாங்க வெட்டத்தான் வந்தோம், நீங்க உருண்டே பாதி மலைய முடிச்சிட்டீங்களே லா," என்றார். பதினொரு பேரும் சிரித்தார்கள். கிராணியம்மா சிரிக்கவில்லை.

"உங்க லிஸ்ட்ட நான் நம்பிட்டேன். காலண்டருதான் நம்பல," என்றார். "கொக்கி இன்னைக்கித்தான் விழுது. உங்க மெசினுக்குக் கடைசி நாள் கணக்கில்லையா?"

அன்று மத்தியானமே திருத்தினேன். முதலும் சேர்த்தி, கடைசியும் சேர்த்தி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த டேட்டாபேஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஏழும் சேர்த்தி என்று சொன்னாலும் அது தன் நோட்டில் 'எட்டுக்கு முன் வரை' என்று எழுதிக்கொள்ளும். அச்சடித்துப் பார்த்தபோது கிராணியம்மா பென்சிலால் அந்த எட்டைத் தட்டினார். "நான் ஏழுன்னு சொல்றேன், இது எட்டுன்னு எழுதுது." விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஒரு நாள் கூடக் குடுத்தாத்தான் இதுக்கு மனசு ஆறும்போல," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "சட்டை காயலைன்னா வெயில்ல போய் நில்லுங்க," என்றார்.

சில நாள் கழித்துத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. அண்ணே போய்விட்டது. சார் திரும்பி வரவும் இல்லை. என்னை அவர் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்பார், 'தேத்தண்ணி ஆறுது' என்பார், பேப்பரை மேசையில் தட்டி எழுப்புவார். தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்த உடனே வயிற்றுக்குப் பயம் வந்தது. காலுக்கு வந்தது. மூளைக்கு வந்து சேர இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். பனி ஜன்னலுக்கு வந்து, மலைகளை ஒவ்வொன்றாக மூடும். அவர் நம்பர் சொல்வார்: "ஒம்பது போச்சு. பதினொண்ணு போச்சு." பதினாலு போனதும் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். நான் வாயைத் திறப்பதற்குள் தினமும் பதினாலு போய்விடும்.

மகளுக்குத் தெற்குக் கோடியில் ஜொகூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. பெண்ணைத் தனியாக விட மாட்டேன் என்று அங்கேயே ஒரு கிடங்கு ஆபீஸில் வேலை தேடிக்கொண்டு, துரையிடம் கடிதம் கொடுத்தார். வெளியே வந்து, நான் பார்க்கும்போதே, காலண்டரில் சிவப்புக் கோடு ஒன்றைத் தொடங்கி 'நான்' என்று எழுதினார். ஒரு மாதம் நாளுக்கு ஒரு கட்டமாக அது நீண்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? புதுக் கிராணிக்குத் திரையை எப்படிப் பார்ப்பது என்று பன்னிரண்டு பக்கத்தில் கையேடு எழுதினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை பத்தரை மணி வரை உட்கார்ந்து எழுதினார். மகளைப் பெட்டிகளோடு காலையிலேயே தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வேனை நான்தான் ஓட்டினேன். அவர் பென்சிலை எடுத்துக் கோட்டை வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் இழுத்ததும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான்தான் கத்தினேன். பதற்றம், வழக்கம்போல. பஸ் நிலையத்தில் ஒரு பொட்டலத்தை நீட்டினேன். இருபது வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் வாங்கியிருந்த பரிசு ஒரு பாக்கெட் தேயிலை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இது எங்க கிடைக்கும்னு தெரியாமத்தான் கவலையா இருந்துச்சு," என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் ஓடினேன். மாதக் கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியம் இருந்தது. வாயில் வந்தது: "உள்ள ஏர்கான் ஜாஸ்தியா இருக்கும், போத்திக்குங்க."

ஆபீஸ் ஆட்களின் வேலைக் காலத்தையும் நான் அதே நீள வகையில்தான் வைத்திருந்தேன். அந்த வகைக்கு இன்னொரு குணம் உண்டு: முடிவைச் சொல்லாமலே விடலாம். தொடங்கியது, போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். கிராணியம்மாவின் வரியில் முடிவு போட வேண்டியது என் வேலை. போடவில்லை. யாராவது கேட்டால் மறதி என்று சொல்லலாம் என்றிருந்தேன், யாரும் கேட்கவில்லை. அதன் விளைவு ஒன்று இருந்தது. காலை ஆறு மணிப் பட்டியல், வேலையில் இருக்கும் எல்லோருக்கும் போகும். ஆகவே ஜொகூருக்கும் போனது. மறுநாள் போனது, அதற்கு மறுநாளும் போனது. பத்து நிமிஷத்துக்குள் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கீற்று விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் தாமதமாக. நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஏன் படிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு வருஷமாக என் நாள் அந்த இரண்டு கீற்றைப் பார்த்த பிறகே தொடங்குகிறது.

போன மாதம் தலைமை ஆபீஸிலிருந்து ஆணை வந்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் இனி ஒரே டேட்டாபேஸ், வேறு ஒன்று. போஸ்ட்கிரஸ் கிடையாது, நீள வகை கிடையாது. எல்லா நீளத்தையும் மறுபடி இரண்டு தேதியாக வெட்டிக் கொடு என்றார்கள். விசேஷ வகையைத் தொடாதே என்று எங்கள் ஆட்கள் எச்சரித்தது இதைத்தான். வேலிக்குப் பதில் நூறு வரி எழுதி மலைகளைச் சமாளித்துவிட்டேன். ஆட்களின் பட்டியலில்தான் இடித்தது. புதிய அட்டவணையில் இங்கே வேலை செய்யாதவர்களுக்கு முடிவுத் தேதி கட்டாயம். விட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் இருந்தது, ஒருவரைத் தவிர. மூன்று வாரம் அந்த வரியைத் தாண்டித் தாண்டி மற்ற வேலைகளைச் செய்தேன். கெடுவுக்கு ஒரு நாள் இருக்கும்போது போனை எடுத்தேன். கையில் ஒரு காரணம் இருந்தது: கோட்டில் கொக்கி இல்லை, வெள்ளிக்கிழமை சேர்த்தியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வேன் ஓட்டியவன் நானே என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நியாயமான சந்தேகம்தான். அவர் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து அழைத்தேன்.

"ம்... சொல்லுங்க," என்றார். நான்கு வருஷம் கழித்தும் கூப்பிட ஒரு பெயர் இல்லை. எனக்குப் பயம் கால் வரைக்கும் வந்துவிட்டது.

காரணத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை சேர்த்திதான். பத்தரை வரைக்கும் எழுதினேனே," என்றார். பிறகு, "இன்னும் மூடலையா அத?"

"இல்ல. இப்பக் கேக்குறாங்க லா, தலைமை ஆபீஸ்ல."

"மூடினா, காலையில அது வராதா?"

"வராது."

பின்னணியில் கிடங்கில் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் பீப் பீப் என்று கேட்டது. 

"ஆறு நாளா லிஸ்ட்ல பதினாலு வரல," என்றார். "மருந்தா?"

"ஆமா."

"கொக்கி என்னைக்கு?"

"நாளைக்கு."

"அப்ப நாளைக்கி யாரையும் உள்ள விட்டுறாதீங்க," என்றார். "நீங்களும் எறங்கிறாதீங்க."

ஒத்திகை பார்த்த வாக்கியம் இன்னும் மனப்பாடமாக இருந்தது. "சாப்பிடுங்க, ஆறுது," என்றேன். வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வரியை மூடினேன். வெள்ளியும் சேர்த்தி என்று கொடுத்தேன். பழைய டேட்டாபேஸ் தன் பிடிவாதப்படி 'சனிக்கு முன் வரை' என்று சனிக்கிழமையை எழுதிக்கொண்டது. புதியதற்கு மாற்றும்போது இப்படிக் கூடுதலாக நிற்கும் ஒரு நாளை ஒவ்வொரு முடிவிலிருந்தும் கழிக்க வேண்டும். கழித்தேன். மலைகளுக்குக் கழித்தேன், மருந்துகளுக்குக் கழித்தேன், வந்து போன ஆட்கள் எல்லோருக்கும் கழித்தேன். ஒரு வரிக்கு மட்டும் கழிக்கவில்லை. புதிய டேட்டாபேஸின்படி கிராணியம்மா சனிக்கிழமையும் எங்கள் ஆபீஸில்தான் இருந்திருக்கிறார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பட்டியல் போனது. ஜொகூருக்குப் போகவில்லை. ஆறரைக்கு நான் குடையோடு பதினாலின் அடியில் பாதையில் நின்றேன். மண்டோர் ஆட்களோடு பக்கத்து மலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார். "என்ன சார், பதினாலு இன்னைக்கி லிஸ்ட்லயே இல்லையே? பின்ன எதுக்கு நிக்கிறீங்க?"

"நிக்கச் சொன்னாங்க," என்றேன்.

ஆபீஸுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, காலண்டரின் முன்னால் நின்றேன். அவர் விட்டுப் போன பென்சில் கட்டைவிரல் நீளம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமையில் அவர் கை நின்ற இடத்தில் முனையை வைத்து, கோட்டை அடுத்த கட்டத்துக்குள் நகர்த்தி, கீழே வளைத்தேன். கொக்கி சனிக்கிழமையில் விழுந்தது. யாராவது கேட்டால் கை நடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதை இந்த மலையில் நம்பாதவர்கள் கிடையாது.